அறுபத்து நான்கு கோரும் ஒரே பூட்டும்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, குறுவை அறுவடை நேரம். தஞ்சாவூரில், விவசாயிகளிடம் நெல் வாங்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. செல்போனில் டோக்கன் எடுத்தால்தான் நிலையத்தில் நெல்லை எடை போடுவார்கள்.

கூட்டம் தாங்கவில்லை என்று ஒரே நேரத்தில் எட்டு வேலைகளைச் செய்யும் பழைய எட்டு கோர் சர்வரை எடுத்துவிட்டு, அறுபத்து நான்கு கோர் சர்வர் வாங்கினோம். வேகம் கூடும் என்று பார்த்தால் முன்பைவிட மோசமாகிவிட்டது. டோக்கன் வராமல், ரோட்டோரம் நெல்லைக் கொட்டிவிட்டு ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மேலாளர் எங்களைக் கூட்டிவைத்துக் காரணம் கேட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டி, "இவங்க எழுதின ரிப்போர்ட்தான் சார் சர்வரை இழுத்துப் பிடிக்குது" என்றேன்.

"ஒரு தடவை ப்ரொஃபைலர் போட்டுப் பாத்துடலாமே சார்" என்றார் அந்தப் பெண். எந்த வேலை எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று அளந்து காட்டும் கருவி அது.

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லம்மா" என்று வாயை அடைத்தேன். அன்று மாலையே அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ரிப்போர்ட்டை நிறுத்தியும் ஒன்றும் மாறவில்லை. மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் ப்ரொஃபைலரை ஓட்டினேன். பத்தே நிமிடம். கோர்களில் பெரும்பாலானவை வேலையே செய்யாமல் ஒரே ஒரு பூட்டுக்காகக் காத்திருந்தன. இரண்டு பேருக்கு ஒரே டோக்கன் எண் போய்விடக் கூடாதென்று நிரலில் போட்ட பூட்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். கோர் கூடக் கூட அங்கே முட்டிமோதுவதும் கூடியிருக்கிறது. எழுதியவர் யாரென்று பார்த்தேன். நான்தான்.

நிலையத்துக்கு ஒரு எண் வரிசை என்று பிரித்துக் கொடுத்ததும் மதியத்துக்குள் டோக்கன்கள் போயின. அதற்குள் எத்தனையோ பேருடைய நெல் நனைந்துவிட்டது.

மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். "இப்ப ஓடுதுல்ல, விடுங்க" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. குடவாசல் பக்கம் இருந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். நான் யாரென்று தெரியாமலே அவருடைய அப்பா நாற்காலி எடுத்துப் போட்டு, டீ வாங்கி வரப் போனார்.

"தப்பு என்னுதும்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "வீடு தேடி வந்து சொல்றீங்க, சரிங்க சார். ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல பத்து பேர் இருந்தாங்களே?"

மறுநாள் அத்தனை பேரையும் அதே அறையில் உட்காரவைத்து, ப்ரொஃபைலர் காட்டியதைத் திரையில் போட்டு, நடந்ததைச் சொன்னேன். வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டோம், அவர் வரவில்லை.

அதன் பிறகு எத்தனையோ சர்வர்களைச் சரிசெய்துவிட்டேன். அவருக்கு நான் செய்ததை மட்டும் இன்றுவரை சரிசெய்ய முடியவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.