திரும்பிப் போகலாம் என்று தெரியாத ஊர்

அந்த ஊரைவிட்டு ஒருமுறை வெளியேறினால் திரும்பிப் போக முடியாது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். அண்ணை நம்பினார், நான் நம்பினேன், விளையாட்டை ஒருநாளும் தொட்டுப் பார்த்திராத அம்மாவும் குசினிக்குள் சமைத்தபடியே நம்பினார். போர் ஓய்ந்து, யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து கொழும்பிலிருந்து சாமான்கள் வரத் தொடங்கிய காலம் அது. மாமா ஒருவர் கொண்டுவந்து தந்த தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியும் அதற்கான ஓர் இறுவட்டும் எங்களிடம் இருந்தன. இறுவட்டில் இருந்தது யப்பானிய மொழி. வாளேந்திய பையன் ஒருவன் மலையடிவாரத்துக் கிராமமொன்றிலிருந்து புறப்பட்டு, காடும் ஆறும் கடந்து எங்கோ போகவேண்டும். எதற்காகப் போகிறான் என்பதை வாசித்தறிய எங்களுக்கு வழியில்லை. விளையாடியதைச் சேமித்துவைக்க மெமரி கார்ட் என்று ஒன்றைத் தனியாக வாங்கவேண்டும் என்பதும் தெரியாது. ஆற்றங்கரையை அடையும் நேரத்தில் மின்சாரம் நின்றுவிடும். மறுநாள் மீண்டும் அதே கிராமம், அதே கட்டில், அதே விடியல்.

ஆகவே எங்கள் விளையாட்டு முழுவதும் புறப்பாடாகவே இருந்தது. அண்ணை அவனை நேராக ஊர்வாசலுக்குக் கூட்டிப்போகமாட்டார். வீடு வீடாக நுழைந்து, சாடிகளுக்குள் கிடைத்த மூலிகைகளை எடுத்துக்கொண்டு, எதிர்ப்பட்ட ஒவ்வொருவரின் முன்னும் நிற்பார். அவர்கள் தங்கள் மொழியில் எதையோ சொல்ல, “போட்டு வாறன் அக்கா”, “போட்டு வாறன் ஐயா” என்று இவர் தமிழில் விடைபெறுவார்.

“கிணத்தடியிலை நிக்கிற மனிசிட்டைச் சொன்னனியே?” என்று அம்மா குசினியிலிருந்து கேட்பார்.

“சொன்னனான் அம்மா.”

“உவன் ஒரு போர்வையும் எடுக்காமல் வெளிக்கிடுறான். காட்டுக்கை குளிராதே?”

வாசலைத் தாண்டியதும் பின்னால் பெரிய மரக்கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்கும். எங்கள் நம்பிக்கைக்கு அந்தச் சத்தத்தைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை. இத்தனைக்கும் நாங்கள் திரும்பி வந்தவர்கள். சில வருடங்களுக்கு முன் போரில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்த இந்த வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவகச்சேரிக்கு நடந்து, மாதக்கணக்கில் ஒரு வகுப்பறையில் கிடந்து மீண்டவர்கள். மீண்டபோது பூட்டு முற்றத்தில் கிடந்தது, கதவைக் காணவில்லை. திரும்பலாம் என்பதை உடம்பால் அறிந்திருந்த நாங்கள், ஒரு விளையாட்டில் மட்டும் அது நடக்காது என்று ஏன் நம்பினோம் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இங்கே, நோர்வேயின் பேர்கன் நகரத்தில், நான் வேலைசெய்யும் நூலகத்தில் எல்லோரும் மாத்பாக்க எனப்படும் பாண் பொதியைப் பிரித்து அதிகம் பேசாமல் மதிய உணவை முடிப்பார்கள். அப்படியொரு மதியத்தில் என்னுடன் பணிபுரியும் இங்ரிட் தன் சிறுவயது விளையாட்டைப் பற்றிச் சொல்ல, அது அதே விளையாட்டு என்று கண்டு நான் மேசையைத் தட்டிவிட்டேன். கடைசிக் கோட்டையில் அழுதாயா என்று கேட்டாள். ஆற்றுக்கு அப்பால் போனதே இல்லை என்றேன். “அவ்வளவு கடினமாகவா இருந்தது?” என்றாள் இரக்கத்துடன். மின்சாரம் நின்றுவிடுவதைச் சொன்னேன். நாங்கள் கட்டணம் கட்டத் தவறியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள் போலும். மரியாதையாகப் பேச்சை மாற்றினாள்.

அதே வாரம் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். அம்மா காலமானபின் எங்கள் திருநெல்வேலி வீட்டில் அவர் தனியே இருக்கிறார்.

“உன்ரை அறையைக் குடுக்கட்டோ பிள்ளை? மன்னாரிலையிருந்து ரண்டு பெட்டையள் கம்பஸுக்கு வந்து இடம் தேடுதுகள். நீ வந்து இருக்கிறதெண்டாச் சொல்லு, குடுக்கேல்லை.”

“யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை.”

“ஓம் ஓம், யோசி. நீ யோசிச்சு முடிக்க அதுகள் பட்டமும் எடுத்திடுங்கள்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்றாவது ஒருநாள் அந்த அறைக்கே போய்விடுவேன் என்ற எண்ணத்தில்தான் இங்கே இத்தனை பனிக்காலங்களைக் கழித்திருக்கிறேன். அதை விட்டுக்கொடுத்தால் நான் எந்த இடத்தவள் என்று எனக்கே சொல்லத் தெரியாமற்போகும்.

சனிக்கிழமை இங்ரிட் தன் வீட்டுக்கு அழைத்து, பரணிலிருந்து எடுத்த விளையாட்டுப் பெட்டியை இயக்கினாள். அவள் எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தாள். முதல் ஊரைப் பார்க்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்றேன். “பார்க்கலாமே. எப்போது வேண்டுமானாலும் போகலாம்,” என்றாள், இதையும் ஒருவர் கேட்பாரா என்பதுபோல. மரக்கதவைத் தள்ளத் திறந்தது. கிணற்றடிப் பெண் பேசினாள். இங்ரிட்டின் இறுவட்டில் ஆங்கிலம் இருந்ததால் இம்முறை என்னால் வாசிக்க முடிந்தது. இன்றைக்கு நல்ல காற்று என்றாள். புறப்படும் நாளிலும் அதையேதான் சொல்வாளாம்; உலகம் முழுவதும் சுற்றி வந்தவனிடமும் அதே வசனம்தான். அவனுடைய அறையில் கட்டில் விட்ட இடத்தில் இருந்தது. ஒருவரும் அதில் படுத்தெழும்பியிருக்கவில்லை. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, ஏமாற்றப்பட்டவள்போல உட்கார்ந்திருந்தேன். யாரால் என்றுதான் தெரியவில்லை. இத்தனை புத்தகங்களுக்கு நடுவே வாழும் எனக்கு, ஒரு பிள்ளை விளையாட்டு மட்டும் ஏன் விடாமல் கூடவே வருகிறது? அதை முடிக்காமல் விட்டதாலா, அல்லது வெளிக்கிடுவதை அங்கேதான் பழகினேன் என்பதாலா?

மறுநாள் அண்ணையை அழைத்தேன்.

“அண்ணை, அந்த ஊருக்குத் திரும்பிப் போகலாமாம்.”

“எந்த ஊருக்கு?”

“எங்கடை விளையாட்டிலை.”

“அது எனக்கு அப்பவே தெரியும். நீ ரியூசனுக்குப் போன ஒருநாள் திரும்பி நடந்து பாத்தனான். கதவு திறந்தது.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா நீ காட்டுக்கை காலே வைச்சிருக்கமாட்டாய். அரைவழியிலை ஓடியந்து கட்டிலிலை படுத்திருப்பாய்.”

அப்படியானால் நீங்கள் ஏன் எங்கும் போகவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று தெரியாத நிலையில், கண்ணுக்குள் நின்றது ஒருவரும் படுக்காத அந்தக் கட்டில்.

“அறையைக் குடுங்கோ,” என்றேன்.

“அப்ப நீ வரமாட்டியோ?”

“வருவன்.”

“வந்து எங்கை படுப்பாய்?”

“விறாந்தையிலை.”

“நுளம்பு கடிச்சே தூக்கிக்கொண்டு போயிடும்,” என்றார்.

மன்னார்ப் பிள்ளைகள் குடிவந்துவிட்டார்கள். என் அறைச் சன்னலுக்குப் பச்சைத் திரை போட்டிருக்கிறார்களாம். காலையில் அவர்கள் வகுப்புக்குப் போனபின், வீட்டில் அண்ணை மட்டும் இருக்கிறார்.