கிரிஸ்டா நோவிக்கி எழுதாமல் விட்ட வரி

டொலீடோவில் எங்கள் பக்கத்துக்காரர்களில் கிரிஸ்டா நோவிக்கியிடம் கையை நீட்டாதவர்கள் குறைவு. மருத்துவமனையில் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பது அவள் வேலை. மற்றவர்கள் வலிக்காது என்று பொய் சொல்லி ஊசியைச் செருகுவார்கள். இவள், "வலிக்கும், மூணு எண்ணுங்க, முடிஞ்சிடும்" என்பாள்.

வரலாற்றில் பட்டம் வாங்கியவள். முப்பத்திரண்டு வயதில் டாக்டராகக் கிளம்பினாள். ஊர் சிரித்தது. எங்களைப் போல வேறு எதையோ படித்துத் தொலைத்தவர்களுக்கென்றே பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடப் பயிற்சி ஒன்று உண்டு. வேதியியல், இயற்பியல், உயிரியல் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். கடைசியில் ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து நேர்காணல் செய்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் எழுதுவார்கள். அந்தக் கமிட்டிக் கடிதம் இல்லாமல் விண்ணப்பித்தால், ஏன் இல்லை என்றுதான் மருத்துவக் கல்லூரிகள் முதலில் கேட்கும். அதோடு கதை முடிந்தது.

ஆய்வகத்தில் நான் அவளுக்கு ஜோடி. எனக்கு இருபத்துநாலு வயது. தத்துவம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வந்தவன். புத்தி சொல்லும் வியாதி மட்டும் அப்போதே முற்றியிருந்தது.

இரண்டாம் வருடம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கேன்டீனில் கமிட்டிக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். 'இதுவரை சேர்ந்த எல்லாக் கல்லூரிகளும்' என்ற இடத்தில் கிரிஸ்டாவின் பேனா நின்றுவிட்டது.

"பத்தொம்பது வயசுல அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துச்சுடா. படிப்ப விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்துல இருந்த சின்ன காலேஜ்ல ரெண்டு பாடம் சேர்ந்தேன். அவரக் குளிப்பாட்டவே நேரம் பத்தல. போறத நிறுத்திட்டேன். பேர நீக்கச் சொல்லி எழுதிக் குடுக்கணும்னு எனக்குத் தெரியல. ரெண்டுலயும் ஃபெயில்னு போட்டுட்டாங்க."

நான் கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இரண்டையும் சேர்த்தால், கமிட்டி கேட்கும் மதிப்பெண் சராசரிக்கு ஒரு மயிரிழை கீழே போய்விடுவாள்.

"எழுதாத," என்றேன்.

"எல்லாத்தையும் எழுதியாச்சுன்னு கீழ கையெழுத்துப் போடணுமே, டேல்."

"பதினாலு வருஷத்துக்கு முந்தின சங்கதி. யாரு தோண்டப் போறா? உங்கப்பா சாகக் கெடந்தப்போ வாங்குன ஃபெயிலுக்கு இப்பவும் அடிவாங்கணுமா நீ?"

அவள் டப்பாவில் ஆறிப்போயிருந்த கொழுக்கட்டைகளில் ஒன்றை எடுத்து என் வாயில் திணித்தாள். "பேசாம தின்னு, தத்துவம்," என்றாள். ஆனால் அந்த வரியை எழுதவில்லை.

ஏப்ரலில் அவளுக்கு நேர்காணல். முடிந்ததும் கார் நிறுத்துமிடத்துக்கு நேராக வந்தாள். நான் அங்கே காத்திருந்தேன்.

"நடுவுல ஒரு குளிர்காலம் காணோமே, அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கமிட்டியில இருக்கற ஹால்வர்சன் அம்மா கேட்டாங்க. சும்மா, பேச்சுவாக்குலதான்."

"வீட்ல இருந்தேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மூஞ்சியப் பாத்துக் கேக்கறாங்கடா. காலேஜ்ல இருந்தேன், ஃபெயில் ஆயிட்டேன்னு சொல்லிட்டேன்." காரில் சாய்ந்துகொண்டாள். "மார்க்கு கூடப் பரவாயில்லையாம், அப்பாவப் பத்தி எழுதியிருந்தா பாத்திருப்போம்னாங்க. மறைச்சதுதான் தப்பாம். கடிதம் கிடையாது. இந்த வருஷம் மட்டும் இல்ல, எப்பவுமே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "யாரு இப்படிச் சொல்லிக் குடுத்ததுன்னும் கேட்டாங்க. யாரும் இல்ல, எனக்கே தோணுச்சுன்னுட்டேன்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அதைச் சொல்ல இன்றும் நாக்கூசுகிறது.

"என்ன முழிக்கிற? ரெண்டு பேரும் சேர்ந்து தெருவுல நிக்கணுமா?" என்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஹால்வர்சன் அறை மாடியில்தான். ஏறிப்போய், சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று சொல்லியிருந்தால் அவளுடைய தண்டனை குறைந்திருக்கலாம், குறையாமலும் போயிருக்கலாம். வியாழக்கிழமை எனக்கு நேர்காணல் இருந்தது. வியாழக்கிழமைதான் மாடி ஏறினேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை.

கிரிஸ்டா மறுவாரமே முழுநேர வேலைக்குத் திரும்பினாள். இப்போது நாற்பத்தைந்து வயது. அதே மருத்துவமனை, அதே தள்ளுவண்டி, அதே ஊசி. புத்தகங்களை எனக்கே கொடுத்துவிட்டாள்.

அவள் அழுத அந்த வருடமே, இலையுதிர்காலத்தில், சின்சினாட்டியில் ஒரு மருத்துவக் கல்லூரி என்னை நேர்காணலுக்கு அழைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த முதிய டாக்டர் கோப்பைப் புரட்டி, கமிட்டிக் கடிதத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"உங்க நேர்மையப் பத்தி ஒரு பாராவே எழுதியிருக்காங்க. இப்படி நான் அதிகம் பார்த்ததில்ல," என்றார்.

நான் நன்றி சொன்னேன்.