கவிஞர் வீடு ஒழுகுகிறது

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் இளங்கோவோடு ஒரு கவிஞரின் ஊருக்குப் போய் வந்தேன். இளங்கோ கல்லூரியில் தமிழ் சொல்லித் தருகிறவர். அந்தக் கவிஞர் என்றால் அவருக்கு உயிர். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வழியெல்லாம் சிமென்ட் லாரிகள்... இறங்கும்போது சட்டை நிறமே மாறிவிட்டது.

கவிஞர் பாடிய ஏரியைப் பார்த்தோம். தண்ணீர் இருந்தது, அல்லி இல்லை. அவர் படித்த பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பூட்டிய கேட்டையே இளங்கோ போட்டோ எடுத்தார். ஆசை யாரை விட்டது?

கடைசியாக, கவிஞர் பிறந்த ஓட்டு வீடு. இளங்கோ செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உள்ள வாங்க சார்" என்று கூப்பிட்டார் வீட்டுக்காரம்மா செல்வி. கவிஞர் குடும்பத்திடமிருந்து இவருடைய மாமனார் வாங்கிய வீடாம். கூடம் முழுக்க அண்டா, குண்டான், பிளாஸ்டிக் வாளி. முந்தின நாள் பெய்த கோடை மழைக்கே அந்தக் கதி.

"இடிச்சிட்டு தளம் போடலாம்னு மேஸ்திரிகிட்ட பேசிட்டோம். ஊர்ல நாலு பேரு வந்து, கவிஞர் வூடு, கை வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. மகளுக்கு மொதப் பிரசவம். வளைகாப்பு முடிஞ்சா இங்கதான கூட்டியாரணும்? ஐப்பசி அடமழையில பச்சப்புள்ளய எங்க சார் படுக்க வைப்பேன்?"

"இது தமிழோட சொத்தும்மா" என்றார் இளங்கோ.

"இருக்கட்டும் சார். ஒழுகுறப்ப நாங்கதான அண்டா வைக்கிறோம்?"

எனக்கு அந்த நாலு பேர் மேல் கோபம் வந்தது. நினைவில்லம் வேண்டுமென்றால் அதிகாரிகளிடம் போய்க் கேட்கலாமே? குடியிருப்பவரிடம் வந்து அதிகாரம் செய்வானேன்? நம்முடைய பக்தியில் இது ஒரு வசதி – கும்பிடுவது நாம், நனைவது வேறு யாரோ.

கிளம்பும்போது செல்வி கேட்டார்: "நீங்க பத்திரிகையில எழுதுறவராமே?"

"ஆமாம்மா."

"இந்த வூடு எங்க இருக்குன்னு எழுதிடாதீங்க சார். போன தடவ ஒருத்தரு எழுதினாரு. அப்பறந்தான் அந்த நாலு பேரும் வந்தாங்க."

திரும்பும் வழியில் அரியலூர் வருவதற்குள், இளங்கோ அந்த வீட்டில் எடுத்த போட்டோ அத்தனையையும் போனிலிருந்து அழித்திருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

எந்தக் கவிஞர், எந்த ஊர் என்று கேட்டு எனக்கு எழுதப் போகிறவர்களுக்கு – தளம் காயட்டும், சொல்கிறேன்.