ரவூப் மென்ற புல்

லிட்டில் இந்தியாவில் அத்தர் விற்ற நாற்பது ஆண்டுகளில் ரவூப் தன் மூக்கைப் புகழாத நாள் கிடையாது. அந்த மூக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் கோவிட்டோடு கிளம்பிப் போய்விட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குப்பியின் சீட்டைப் பார்ப்பார், கண்ணை மூடுவார், "ஆஹா!" என்பார். வாங்கியவர்களில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

ஒருநாள் டிவியில் ஒரு காட்டுப்பூண்டைக் காட்டினார்கள். கொரிய மலைக்காடுகளின் நிழலில் புல்லைப்போல மெலிசாக வளருமாம். முட்டையோடு பொரித்தால் அமிர்தமாம். இலையைக் கசக்கினால் பூண்டு வாடை வரவேண்டும், வராவிட்டால் அது வேறு செடி, விஷமாகக்கூட இருக்கலாம் என்றும் சொன்னார்கள். ரவூப் முழுக்கக் கேட்டார். மறுநாள் காலை சுவா சூ காங்கில் தான் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, மரநிழலில், அதே புல் நிற்கக் கண்டார். மலைதான் இல்லை; அதை அவர் பெரிதுபடுத்தவில்லை. பறிக்கக் கூடாது என்ற பலகையையும்தான்.

ஓர் இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். கண் தானாக மூடியது. "ஆஹா!" என்றார். பக்கத்தில் ஆளே இல்லை. தொழில் பக்தி என்றால் இதுதான்.

வீட்டில் அவருடைய மனைவி ருக்கையா ஒரு கொத்தை எடுத்து மோந்து பார்த்தார்.

"பூண்டு வாடையே இல்லையேங்க. வெறும் புல்லுதான்."

"உனக்குச் சளி. யாருட்ட மூக்கைப் பத்திப் பேசுறே?"

"அப்ப நீங்களே சாப்பிடுங்க லா. எனக்கு வேணாம்."

வேண்டாம் என்று ருக்கையா சொன்ன பிறகு ஒரு வாய் மிச்சம் வைத்தாலும் மானம் போய்விடும். தானே முட்டையோடு பொரித்துத் தட்டைக் காலி செய்தார். அரை மணி நேரத்தில் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில், ருக்கையா பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த மிச்சப் புல்லை இளம் டாக்டர் பார்த்தார். "இது அழகுக்கு நட்ட லில்லி மாதிரி இருக்கே அங்கிள். மோந்து பார்த்தீங்களா?"

ரவூப் கூரையைப் பார்த்தார்.

"அவங்களுக்கு மூணு வருஷமா எந்த வாடையும் தெரியாது, டாக்டர்" என்றார் ருக்கையா.

ரவூப் திடுக்கிட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"கெட்டுப்போன மீனை ருசிச்சுச் சாப்பிட்டீங்க. மறைக்கணும்னு ஆசைப்படுறீங்க, மறைச்சுக்கட்டும்னு விட்டேன். புல்லுன்னு சொன்ன பிறகும் திம்பீங்கன்னு கண்டேனா?"

அவருக்கு அழுகை முட்டியது. வாந்தியின் களைப்பு என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டார்.

மறுவாரம் கடை திறந்ததும் முதலில் வந்தவரிடம் உண்மையைச் சொன்னார். "எனக்கு வாடை தெரியாதுங்க. நீங்களே மோந்து பார்த்துக்குங்க."

"பெரியவங்களுக்கு என்ன அடக்கம்!" என்று வந்தவர் நெகிழ்ந்துபோய், மோந்து பார்க்காமலே இரண்டு குப்பி வாங்கிச் சென்றார்.

அன்று மாலையே ரவூப், தனக்குப் பதிலாக மோந்து பார்த்துச் சொல்ல மனைவியைக் கடைக்கு அழைத்தார். ருக்கையா யோசித்தார். "காலையில மட்டும் வர்றேன். அந்த ஓட்டை ஃபேனைக் கழட்டிட்டு ஏர்கான் போடுங்க, அப்புறம் பேசலாம்."

ஏர்கான் வந்துவிட்டது.