சம்பா சார்

இன்று தஞ்சாவூரில் திருவாரூர் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் எங்கள் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர்.

வகுப்பில் எல்லோரும் வயல்காட்டுப் பிள்ளைகள். பாடத்தைச் சீக்கிரம் முடிப்பவருக்கு, சீக்கிரம் விளையும் நெல்லான குறுவையின் பெயரை வைத்தோம். மணி அடித்த பிறகும் இழுக்கும் இவர், விளைய மாதக்கணக்காகும் சம்பா.

நிஜப் பெயர் நினைவுக்கு வராமல், “வணக்கம் சம்பா சார்” என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் நிதானமாகத் திரும்பினார். “கடைசி பெஞ்சாம்மா நீ?”

“ஆமாங்க சார். எப்படி கண்டுபிடிச்சீங்க?”

“அந்த பெஞ்சுக்கு ஸ்டாஃப் ரூம்ல நாங்களும் பேரு வச்சிருந்தோம்மா. தரிசு. எத வெதச்சாலும் மொளைக்காது.”

பிறகு பேச ஆரம்பித்தவர், நான் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டியும் முடிக்கவில்லை. சம்பா சம்பாதான்.

கடைசி பெஞ்ச் தரிசுகளே, கமெண்டிலாவது வந்து முளையுங்கள்.