என் வீட்டுக்காரர் நெற்றியும் பல் டாக்டர் ஊசியும்

போன வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு போன். என் தங்கை மகள் சுமதி, சென்னையிலிருந்து.

"பெரியம்மா, அவங்க வந்துட்டாங்க!"

"எவங்கடி?"

"என் மாமியார்! மூணு பெட்டியோட! ரெண்டு மாசம் இருக்கப் போறாங்களாம்!"

விஷயம் இதுதான். சுமதிக்கு நாற்பத்து நாலு வயது. நெற்றியில் கோடு விழுகிறதே என்று கவலை. தோல் டாக்டரிடம் போய், சுருக்கத்தைத் தளர்த்துகிற ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். "கொஞ்சமா போட்டாத்தான் நேச்சுரலா இருக்கும் மேடம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவள் கேட்டால்தானே? "ஒரு கோடு தெரியக் கூடாது டாக்டர்" என்று அடம் பிடித்து, கூடுதலாகப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ரெண்டு வாரம் கழித்து அவள் புருஷன் கேட்டிருக்கிறார் — "அம்மா வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

"ஓ... தாராளமா வரட்டுமே!" என்றிருக்கிறாள் சுமதி.

பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் இதே கேள்வி, இதே பதில்தான். ஆனால் இத்தனை வருஷமும் அந்தப் பதிலோடு கூடவே அவள் நெற்றியில் ஒரு கோடு ஏறும். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "சரி, தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்" என்று பேச்சை மாற்றிவிடுவார். இந்தத் தடவை கோடு ஏறவில்லை. மனுஷன் சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டார்.

"நான் முடிஞ்ச மட்டும் புருவத்தைத் தூக்கினேன் பெரியம்மா! அசையவே மாட்டேங்குது!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "யாரு? என்னவாம்?" என்றார்.

"சுமதி. நெத்தியில ஊசி போட்டுக்கிட்டாளாம்."

அவ்வளவுதான். பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். எண்பத்தெட்டு வயதில் இவருக்கு என்ன வெட்கம் என்று கேட்கிறீர்களா? அதற்கு நீங்கள் என்னோடு அந்தமானுக்கு வர வேண்டும்... எழுபதுகளின் ஆரம்பத்துக்கு.

அப்போது இவர் போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் ஆபீசில் சீனியர் கிளார்க். நாங்கள் குடியிருந்தது பாம்பூஃப்ளாட்டில். காலையில் ஃபெர்ரி ஏறி அக்கரையில் சாத்தமில் இறங்கி ஆபீசுக்குப் போவார். சாயந்திரம் அதே ஃபெர்ரி. மழை நாளில் பாதி ஆள் நனைந்து வருவார், மீதி ஆளை நான் திட்டி நனைப்பேன்.

இவர் நெற்றியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வயதிலேயே மூன்று கோடு. படுக்கை வசத்தில், அடிமட்டம் வைத்துப் போட்ட மாதிரி. பிடிக்காத எதைக் கேட்டாலும் மூன்றும் கும்பலாக மேலே ஏறும்.

இவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் "சினிமாவுக்குப் போவோமா?" என்பேன். "போவோமே" என்பார். கோடு ஏறும். போக மாட்டோம். ஆபீசிலும் அப்படித்தான். மேலதிகாரி எதைச் சொன்னாலும் வாய் 'ஜி சாஹப்' என்று சொல்லிவிடும். மாட்டேன் என்று சொல்கிற வேலை முழுக்க நெற்றிக்கு. சர்க்கார் உத்தியோகத்தில் வாயால் மறுத்தால் மெமோ வரும். நெற்றிக்கு மெமோ கொடுக்க எந்த ரூலும் இல்லையே?

இந்த நேரத்தில்தான் மெயின்லேண்டிலிருந்து ஒரு புது சாஹப் வந்து சேர்ந்தார். இருபத்தெட்டு வயது. தீவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவர் ஃபைலைக் கொண்டுபோய் வைத்தால், அவர் வாசித்துவிட்டு நிமிர்ந்து இவர் நெற்றியையே உற்றுப் பார்ப்பாராம். அப்புறம் ஃபைலைத் தள்ளி வைத்துவிடுவாராம். தினமும் இதே கூத்து.

"ஏளா, சாஹபுக்கு என் மூஞ்சியே ஆவல" என்றார் இவர் ஒரு நாள். சோறு இறங்கவில்லை. "நெத்தியப் பாத்தாலே எரிச்சப்படுதாரு. வெள்ளிக்கிழம ட்ரான்ஸ்ஃபர் லிஸ்ட்டு போடப் போறாரு. கேம்பல் பேக்கு ஒரு கிளார்க் வேணுமாம்."

பரிமாறின கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

கேம்பல் பே என்றால் சும்மாவா? கிரேட் நிக்கோபாரில், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் நாள் கணக்கில் போக வேண்டும். அப்போதுதான் அங்கே காட்டைத் திருத்தி எக்ஸ்-சர்வீஸ்மேன் குடும்பங்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பல் வந்தால் கடிதம் வரும். வராவிட்டால் மழை மட்டும் வரும்.

அதுகூடப் பரவாயில்லை. நாலு வருஷமாக நாங்கள் காத்திருந்த கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ் அப்போதுதான் போர்ட் பிளேரிலேயே, மரைன் ஹில்லில் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சாவி. ஃபெர்ரி வேண்டாம். சமையலறைக்குள்ளேயே குழாய்த் தண்ணீர்! நான் போய் ஜன்னலையெல்லாம் அளந்து, அபர்டீன் பஜாரில் நீலப் பூப்போட்ட துணி வாங்கி, கையாலேயே நாலு கர்ட்டன் தைத்து மடித்து வைத்திருந்தேன். அந்தக் கர்ட்டன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டுக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

அதனால்தான் செல்லப்பா சொன்ன யோசனைக்கு, புத்தி கெட்டுப்போய், தலையாட்டினேன்.

செல்லப்பா எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன்... பையன் என்ன பையன், முப்பது வயது. பாம்பூஃப்ளாட்டில் ஒரு பல் டாக்டரிடம் கம்பவுண்டர். பல் பிடுங்குவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போடுவார்கள் இல்லையா? டாக்டர் லீவில் இருந்தால் செல்லப்பாதான் டாக்டர். ஒரு தடவை அவன் குத்தின ஊசி இடம் மாறிப்போய், பல்வலிக்கு வந்த ஆளுக்கு நெற்றி மூன்று மணி நேரம் அசையவில்லையாம். பல்வலி மட்டும் அப்படியே இருந்ததாம்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு அதேதான் வைத்தியம்" என்றான். "ரெண்டு பொட்டுலயும் ஒவ்வொரு குத்து. நெத்தி கொழந்தப் புள்ள நெத்தியா ஆயிரும். மத்தியானச் சோத்துக்குள்ள பழைய நெத்தி வந்துரும். யாருக்கும் தெரியாது. இயற்கையா இருக்கும்!"

"ஆபத்து ஒண்ணும் இல்லயே?" என்றேன்.

"மதினி, நான் இருக்கும்போது என்ன ஆபத்து?"

ஆபத்தே அவன்தான் என்று அப்போது தோன்றவில்லை பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. "மொதல்ல ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பாப்போம்" என்று வலது நெற்றிப்பொட்டில் குத்தினான். வலது பக்கம் வழுவழுவென்று ஆகிவிட்டது. இடது புருவம் மட்டும் வழக்கம் போல ஏறி ஏறி இறங்கியது. அந்த முகத்தோடு என்னை மீன் வாங்கக் கூட்டிக்கொண்டு போனார். மீன்காரர் பெங்காலி. விலை சொன்னார். இவருக்கு ஒற்றைப் புருவம் மேலே போனது. "க்யா தேக்தா ஹை பாபு? தாஜா மச்லி ஹை!" — புது மீன்தான் ஐயா, ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்று சூடாகிவிட்டார். புருவம் இன்னும் மேலே போனது. மனுஷர் பயந்துபோய் நாலு மீன் கூடுதலாகப் போட்டுக் கும்பிட்டார்.

சரி, ரெண்டு பக்கமும் போட்டால் சமமாகிவிடும் என்று முடிவு செய்தோம். மீன் ருசியாக இருந்ததும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை. எட்டரை மணிக்கு ரெண்டு குத்து. ஃபெர்ரிக்குப் போகும்போது பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றது என் புருஷன்தானா? பத்து வயது குறைந்திருந்தது. ஆனால் ஒன்று... வீட்டில் தீப்பிடித்தால்கூட 'அப்படியா' என்று கேட்கிற முகம் அது.

"நல்லாருக்கா?" என்றார். கவலையோடு கேட்டாரா, சந்தோஷமாகக் கேட்டாரா? தெரியவில்லை.

ஆபீசில் நடந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்து மணிக்கு சாஹப் அறைக்குள் போயிருக்கிறார். முதல் காகிதம் — மெயின்லேண்டிலிருந்து யாரோ அனுப்பிய பட்டியலைப் பார்த்து டைப் அடித்தது. ஆபீசுக்கு ஆறு ரூம் ஹீட்டர் வேண்டும் என்று. அந்தமானில் ரூம் ஹீட்டர்! சாஹப் வாசித்தார், நிமிர்ந்தார், நெற்றியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்தது ஒரு மரக் கான்ட்ராக்டரின் மனு. மரம் இழுக்கிற யானையைப் பயணிகள் ஃபெர்ரியில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டு. வாசித்தார், நிமிர்ந்தார். கையெழுத்து!

இவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஊசி வேலை செய்கிறது, சாஹபுக்கு நம் மேல் பிரியம் வந்துவிட்டது, மரைன் ஹில் நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நின்றாராம்.

மூன்றாவது காகிதம், சீனியாரிட்டிப்படி ஆபீசில் டைப் அடித்து வைத்த ட்ரான்ஸ்ஃபர் லிஸ்ட். சாஹப் வாசித்தார். கேம்பல் பே — சங்கரன். இவர் பெயர்தான்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். நெற்றியைப் பார்த்தார். "டீக் ஹை, ஷங்கர் பாபு?" சரிதானே என்று கேட்கிறார்.

இவர் உள்ளே எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஏறு, ஏறு என்று நெற்றியிடம் கெஞ்சுகிறார். நெற்றி அசையவில்லை. தம் பிடித்து முக்கியதில் காது ரெண்டும்தான் அசைந்ததாம். காதை யார் பார்க்கிறார்கள்? பன்னிரண்டு வருஷ சர்வீஸில் பழகின வாய் மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

"ஜி சாஹப்."

கையெழுத்து. முத்திரை. உடனே கேம்பல் பேக்கு வயர்லெஸ் செய்தியும் போய்விட்டது.

சாயந்திரம் ஃபெர்ரியிலிருந்து இறங்கி வந்தார். தூரத்திலேயே தெரிந்தது, மூன்று கோடும் திரும்பி வந்து உச்சியில் நிற்கிறது.

"கேம்பல் பேயா?"

தலையை ஆட்டினார்.

அழுதேன். வெட்கமில்லாமல், அக்கம் பக்கம் பார்க்காமல் அழுதேன். "வாயத் தொறந்து முடியாதுன்னு ஒத்த வார்த்த சொன்னா என்ன? நாக்குலயுமா அந்தப் பாவி குத்தினான்?"

"வரலயேளா..." என்றார் பாவமாக. "பழக்கம் இல்லயே."

அந்த ஒரு சொல்லில் என் கோபம் பாதி போய்விட்டது. மீதியைச் செல்லப்பாவுக்காக வைத்துக்கொண்டேன்.

கப்பலுக்கு முந்தின நாள் ஆபீசில் வழியனுப்பு டீ. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாஹப் எழுந்து இந்தியில் பேசினார். அவர் சொன்னது இது: எனக்கு முன்னால் இருந்தவர் போகும்போது ஒரு ரகசியம் சொல்லிவிட்டுப் போனார். எந்தக் காகிதத்தையும் ஷங்கர் பாபு முன்னால் வாசி. அவர் வாயைக் கேட்காதே, நெற்றியைப் பார். கோடு ஏறினால் கையெழுத்துப் போடாதே. மூன்று மாதமாக என்னைக் காப்பாற்றியது அந்த நெற்றிதான். இவரை அனுப்ப எனக்கு மனசே இல்லை. நெற்றியைப் பார்த்தேன்... அவருக்கே சம்மதம் என்று தெரிந்தது. அதனால்தான் கையெழுத்துப் போட்டேன்.

எரிச்சலாம்! அந்த மனுஷர் நெற்றியைக் கும்பிடாத குறை!

நான் பாதி எழுந்துவிட்டேன். 'சாஹப், அது ஊசி!' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் லிஸ்ட் மாறியிருக்கும். மரைன் ஹில், குழாய்த் தண்ணீர் எல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. அப்போது எதிரிலிருந்து இவர் என்னைப் பார்த்தார். மூன்று கோடும் ஏறியது. வேண்டாம், மானம் போய்விடும் என்று அர்த்தம்.

உட்கார்ந்துவிட்டேன்.

சாஹபும் அந்தக் கோட்டைக் கவனித்துவிட்டார். கையிலிருந்த டீயைச் சந்தேகமாகப் பார்த்து, குடிக்காமல் மேஜையில் வைத்துவிட்டார்.

கேம்பல் பேயில் எங்களுக்குக் கிடைத்தது தகர ஷெட். ஒரே அறை. ஜன்னலே இல்லை. என் நீலப் பூ கர்ட்டன் நாலையும் கயிற்றில் கட்டி, சமையலுக்கும் படுக்கைக்கும் நடுவில் சுவராக்கினேன். அடுத்த கப்பலில் ஆறு ரூம் ஹீட்டரும் எங்களைத் தேடிக்கொண்டு வந்தன, 'அங்கே உபயோகப்படலாம்' என்ற குறிப்போடு. கரண்ட் இல்லை. ஒன்றின் மேல் அரிசி டின் வைத்தேன். யானை கடைசி வரை ஃபெர்ரியில் ஏற மறுத்துவிட்டதாகக் கேள்வி. அதற்கு மறுக்கத் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் யாரும் கம்பவுண்டரைத் தேடாதீர்கள். இப்போது இதற்கென்றே படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்தும் வேறு. போட்டுக்கொள்கிறவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும், ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஆனால் 'இயற்கையாக' என்று டாக்டர் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். முகம் கொஞ்சம் அசைய வேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர் 'முடியாது' சொல்வது அங்கேதானே? அதையும் துடைத்துவிட்டால் மாமியார் மூன்று பெட்டியோடு வருவார், கேம்பல் பேக்குக் கப்பல் கிளம்பும்.

சுமதியிடமும் இதைத்தான் சொன்னேன். "ஊசி வேகம் குறையுற வரைக்கும் வாயால சொல்லிப் பழகுடி." "அய்யோ, எப்படி பெரியம்மா அவர்கிட்ட..." என்று இழுத்தாள். இவள் தேற மாட்டாள்.

எழுதி முடித்ததைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் இவருக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு, அனுப்பு" என்றது வாய்.

நெற்றியைப் பார்த்தால் வம்பு... கல்யாணமாகி முதல் தடவையாக, அந்தப் பக்கமே திரும்பாமல் அனுப்பிவிட்டேன்!