நவீன் மண்டபத்தை விட்டு ஓட வேண்டுமா?

1. வேலை வந்த விதம்

நான் பார்த்த உத்தியோகத்துக்கு ஆபீஸில் மாடரேட்டர் என்று பெயர். ஒரு கம்பெனி புது டீத்தூளோ ஷாம்புவோ விற்பதற்கு முன்னால், அதை வாங்கக்கூடிய ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு, மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்துப் பேச வைக்க வேண்டும். இந்தக் கூட்டத்தைக் குரூப் என்போம், வந்தவர்களை ரெஸ்பாண்டென்ட் என்போம். அறையின் ஒரு சுவர் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் வியூயிங் ரூமில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு எல்லாம் தெரியும், கேட்கும். பார்க்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம். கொஞ்ச நேரத்தில் யாருக்கும் அது நினைவிருக்காது.

கோயமுத்தூரிலிருந்து கல்யாணமாகிப் புனே வந்தவள் நான். சோப்பு, சமையல் எண்ணெய், இன்சூரன்ஸ், கொசு மருந்து என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தது. இனிமேல் என்னை அதிர வைக்க எந்தச் சரக்கும் வராது என்ற திமிர் இருந்தது. அந்தத் திமிரோடு புனேயின் பாணேர் பகுதி ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் எங்கள் ஹெட் கேதார் வந்தார். மராத்திக்காரர். நாங்கள் பேசிக்கொள்வது இந்தியும் இங்கிலீஷும் கலந்த கிச்சடி. இங்கே தமிழில் தருகிறேன்.

"சுமதி மேடம், ஒரு காமிக்ஸ் ஆப்காரங்க தமிழ்ல வர்றாங்க. புனே தமிழ் வாசகர்கள வெச்சு ஒரு குரூப் பண்ணணும். பாய்ஸ் லவ் காமிக்ஸ்."

"பசங்க லவ் பண்ற கதையா? சரி, காலேஜ் பசங்களக் கூப்பிட்டுடலாம்."

"பசங்க பசங்களையே லவ் பண்ற கதை மேடம்."

நான் டீயைக் கீழே வைத்தேன். சமாளித்துக்கொண்டு, "அப்ப அந்த மாதிரிப் பையன்களத் தேடணும்" என்றேன். கேதார் சிரித்தார். "வாசகர்ல முக்கால்வாசிப் பேர் பொம்பளைங்க."

நம்பவில்லை. ஆள் பிடித்துத் தரும் ரெக்ரூட்டர் கீதாவுக்குப் புனேயில் சாங்வியிலிருந்து ஆகுர்டி வரை தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. அவளைக் கேட்டேன். "அக்கா, நீங்க வேற. எங்க அபார்ட்மென்ட் நவராத்திரி கொலுவுக்கு வந்தவங்கள்லயே நாலு பேரு படிக்கறாங்க" என்றாள். அந்தக் கொலுவுக்கு நானும் போய்ச் சுண்டல் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். எந்த நாலு பேர் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

2. இரண்டு முடிவுகள்

ஆப்காரர்கள் அனுப்பிய கதையை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். மோசமாக ஏதாவது இருக்கும் என்று ஹால் கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒன்றும் இல்லை. நவீன் ஆகுர்டியில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். சதீஷ் ஐ.டி.காரன். சாங்வியில் ஒரே ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ரசத்தில் உப்பு கூடிவிட்டது, கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்தது யார் என்று சண்டை போடுகிறார்கள். மழையில் பைக் நின்றுபோன ஒரு நாளில், சண்டை போட ஆள் இல்லாமல் இருக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் புரிகிறது. படித்துக்கொண்டே போன எனக்கு, நவீனுக்கு ஊரில் பெண் பார்க்கிறார்கள் என்ற இடம் வந்தபோது ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கதை அங்கே நின்றிருந்தது. பென்சிலில் வரைந்த இரண்டு முடிவுகள் கையில் இருந்தன. ஏ: நவீன் தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தை விட்டு ஓடி சதீஷிடம் வந்துவிடுகிறான். பி: கல்யாணம் நடந்துவிடுகிறது, சதீஷ் காலி ஃபிளாட்டில் ஒரு தம்ளரைக் கழுவிக்கொண்டே அழுகிறான். ஆப்காரர்களுக்கு ஏ வேண்டும். எழுதி வரைந்த மித்ரா என்பவருக்கு பி வேண்டும். குரூப்பில் வந்தவர்கள் ஏ முடிவே வேண்டும் என்று சொல்லிவிட்டால், கதையை வேறு ஆளிடம் கொடுத்து முடிக்கச் சொல்லிவிடுவார்கள். மித்ரா ஒப்பந்தத்தில் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

குரூப் நடக்கிற அன்று வியூயிங் ரூமில் ஆப் ஆட்களோடு தாடி வைத்த ஒரு பையன் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "மித்ரா மேடம் இன்னும் வரலையா?" என்று கேட்டேன்.

"நான்தாங்க மித்ரா" என்றான். "பொம்பள பேரா இருந்தாத்தான் இந்தக் கதைகள நம்பிப் படிக்கறாங்க."

அன்றைக்கு அதிர்ச்சிக் கணக்கு அப்போதுதான் ஆரம்பமாகியிருந்தது.

3. வாசகர்கள் பேசியது

கதையையும் இரண்டு முடிவுகளையும் முன்பே படித்துவிட்டு வந்தவர்கள் எல்லோருமே பேசினார்கள். எழுதுவதற்கு வசதியாகச் சிலரை மட்டும் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

காலேஜ் பெண் திவ்யா. புனேயிலேயே பிறந்தவள். "இந்தக் கதைய நான் இங்கிலீஷ்ல படிச்சேன் ஆன்ட்டி, தமிழ் படிக்க ஸ்லோ. வெளிநாட்டு பாய்ஸ் லவ் காமிக்ஸ்ல ஒருத்தன் இன்னொருத்தன செவுத்துல தள்ளி கிஸ் பண்ணுவான். அவன் நோ சொல்லுவான், மத்லப், அதாவது, நிஜமாவே நோ. அதுக்குக் கீழ எல்லாரும் ஹார்ட் போடுவாங்க. எனக்குக் கோவம் வரும். இதுல சதீஷ் கேட்டுட்டுத்தான் கையப் புடிக்கறான். அதான் புடிச்சுது."

அவளுக்குப் பக்கத்தில் சியாமளா, ஸ்கூல் டீச்சர், கல்யாண வயதில் மகன் இருக்கிறவர். இவர் எதற்கு இதைப் படிக்கிறார் என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது, அவரே சொன்னார். "ஆம்பள பொம்பள காதல் கதைன்னா, கல்யாணத்துக்கப்பறம் யாரு வேலைய விடுவா, யாரு சமைப்பான்னு என் மனசு ஓடிடும். நிம்மதியா ரசிக்க முடியாது. இதுல ரெண்டும் ஆம்பள. அடுப்படிக்கு யாரு போனாலும் எனக்குக் கவலை இல்ல. காதல மட்டும் பாத்துட்டுப் போயிடலாம்."

இத்தனை வருடம் பெண்களிடம் சமையலைப் பற்றியே கேட்டுச் சம்பாதித்தவள் நான். இப்படி ஒரு பதிலை எந்த மசாலாப் பொடி குரூப்பிலும் கேட்டதில்லை.

"எழுதினது கண்டிப்பா ஒரு லேடிதான்" என்று ஆரம்பித்தார் இன்னொரு அம்மா. "எந்த ஆம்பள தம்ளர் கழுவிக்கிட்டே அழுவான்? ஆம்பளைங்கள அந்தப் பொண்ணுக்குத் தெரியவே தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் இருக்கக் கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

குரூப்பில் ஒரே ஆண் ஜெகன், பாணேரில் ஐ.டி. வேலை. அவர் சிரிக்கவில்லை. "நான் அழுதிருக்கேன்" என்றார். "என் பார்ட்னரும் நானும் ஒண்ணாத்தான் இருக்கோம். வீட்டு ஓனருக்குக் கசின்னு சொல்லியிருக்கோம். எங்க கதைன்னாலே பிரிஞ்சிடணும், இல்ல செத்துடணும். ஒரே ஒரு கதையிலயாவது ரெண்டு பேரும் ரேஷன் கார்டுல பேரு சேர்க்க அலையறதப் பாக்கணும் மேடம். ஓடட்டும். நவீன் ஓடட்டும்."

அதற்குப் பிறகு பி முடிவுக்கு ஆதரவாகப் பேச யாருக்கு வாய் வரும்? கை தூக்கச் சொன்னேன். ஏ, ஏ, ஏ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மித்ராவின் கதை மித்ராவின் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

4. நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வி

கை தூக்காதவர் ஒருவர் இருந்தார். செல்வி. ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார், விருதுநகர்ப் பக்கம். பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை. குரூப்பில் வாய் திறக்காத ஆளைப் பேச வைக்க எங்களிடம் ஒரு வழக்கமான கேள்வி உண்டு: "இவங்க இடத்துல நீங்க இருந்தா?" ஷாம்பு விளம்பரத்துக்கும் அதுதான், இன்சூரன்ஸுக்கும் அதுதான். நினைத்துப் பார்க்கச் சொன்னால் எவரும் பேசுவார்கள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் அதைக் கேட்டேன்.

"செல்வி, சும்மா ஒரு கற்பனைதான். அந்தக் கல்யாணப் பொண்ணு இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"இருந்தேன் மேடம்" என்றார்.

ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கும்தான்.

"என்னக் கட்டுனவரு நவீன் மாதிரி ஆளு. அடிச்சதில்ல, ஏசுனதில்ல. காலையில எனக்கும் சேத்து டீ போட்டு வைப்பாரு. ராத்திரி ஹால்ல படுத்துக்கிருவாரு. நான் கறுப்பா இருக்கேன்னுதான் புடிக்கலையோன்னு ஸ்கின் டாக்டர்கிட்ட போனேன். மாமியாரு பிள்ளை இல்லைன்னு இன்னொரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அந்த ஊசியெல்லாம் எனக்குத்தான் போட்டாங்க மேடம். அவரு வெளியில பெஞ்சுல தலையக் குனிஞ்சு உக்காந்திருப்பாரு. பல வருசம் கழிச்சுத்தான் சொன்னாரு. இப்ப நான் தனியா இருக்கேன்."

திவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கற்ற வித்தையெல்லாம் அந்த இடத்தில் காணாமல் போய்விட்டது. பெரிய மாடரேட்டர் மாதிரி, "அப்ப இந்தக் கதைய ஏன் படிக்கறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அவரு சந்தோசமா இருந்து நான் பாத்ததில்ல. இந்த மாதிரி ஆளு மனசுக்குப் புடிச்சவங்களோட இருந்தா எப்படிச் சிரிப்பாருன்னு பாக்கணும்னு தோணுச்சு. நவீன் சிரிக்கதப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு." தண்ணீர் குடித்தார். "ஆனா ரெண்டு முடிவுலயும் அந்தப் பொண்ணுக்கு மூஞ்சி வரையல. நீங்க யாரும் பாக்கலையா? முதுகு இருக்கு, பூ இருக்கு, பட்டுச்சேல இருக்கு. ஓடிட்டான்னா நீங்க கை தட்டுவீங்க. கட்டிக்கிட்டான்னா அவனுக்காக அழுவீங்க. மேடையில உக்காந்திருக்கவளுக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தர் கேக்கல."

பென்சில் படங்களை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. படிக்கத் தெரிந்த நாங்கள் அத்தனை பேரும், நான் உட்பட, முகம் இல்லாத ஒரு பெண்ணைப் பல பக்கங்களாகப் பார்த்திருக்கிறோம். யாருக்கும் அது உறுத்தவே இல்லை.

5. கதவு திறந்தது

வியூயிங் ரூமில் இருப்பவர்கள் குரூப் நடக்கும் அறைக்குள் வரக் கூடாது. எங்கள் தொழிலில் அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. கதவு திறந்தது. மித்ரா நின்றான். பின்னாலேயே கேதார் அவன் தோளைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். நான் "விடுங்க" என்று சைகை காட்டினேன்.

"நான்தான் எழுதினேன்" என்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "என் கூட இருந்தவன் ஊர்ல கல்யாணம் பண்ணிக்கிட்டான். ஃபோட்டோ அனுப்பினான். கல்யாணப் பொண்ணு மூஞ்சியக் கட்டை விரலால மறைச்சுட்டு அவன மட்டும் பாத்தேங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த விரல நான் எடுக்கல."

செல்வியும் மித்ராவும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று எனக்குத் தோன்றியது. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன், இல்லை. அவனுடைய ஆள் இன்னும் சேலத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டு நிம்மதி வரவில்லை. இன்னொரு செல்வி இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

மித்ரா செல்வியிடம் திரும்பினான். "அக்கா, கல்யாணத்துக்கு முந்தி அவரு உங்ககிட்ட சொல்லியிருந்தா?"

"நானே வேணாம்னு சொல்லியிருப்பேன் தம்பி. எங்கய்யா நாலு வார்த்தை ஏசியிருப்பாரு. அழுதுட்டு, மறுநா வேலைக்குப் போயிருப்பேன். அவ்வளவுதான். அம்புட்டு ஊசியும் மிச்சம்."

ஜெகன் எழுந்து போய் செல்விக்கு எதிரில் உட்கார்ந்தார். "நான் அவங்கள நினைக்கவே இல்லக்கா" என்றார். "உங்களத் தப்பு சொல்லல. நீங்க எந்தப் பொண்ணையும் ஏமாத்திக் கட்டலையே" என்றார் செல்வி. பிறகுதான் செல்வி அழுதார். சியாமளா டீச்சர் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் ரெக்கார்டரை நிறுத்தினேன்.

ஆப்காரர்கள் ஏ என்றே ரிப்போர்ட் கேட்டார்கள். கை தூக்கியவர்கள் அத்தனை பேரும் கிளம்பும்போது வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்று உள்ளதை எழுதிக் கொடுத்தேன். கேதார் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கதை மித்ராவிடமே இருந்தது. அவன் மூன்றாவதாக ஒரு முடிவு வரைந்தான். நிச்சயமான பெண்ணை நவீன் ஒரு பேக்கரியில் சந்தித்து உண்மையைச் சொல்கிறான். அவள் எழுந்து போய்க் கல்யாணத்தை நிறுத்துகிறாள். அவளுக்கு முகம் இருந்தது. கறுப்பான, கோபமான, அழகான முகம். வாசகர்களில் பாதிப் பேர் மண்டபத்து ஓட்டம் இல்லையே என்று திட்டி எழுதினார்கள். மீதிப் பேர் அந்தப் பெண்ணுக்குத் தனிக்கதை கேட்டார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "இவங்க இடத்துல நீங்க இருந்தா" என்று கேட்பதற்கு முன், எதிரில் இருப்பவர் அந்த இடத்திலிருந்தே வந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினையுங்கள். கேட்டுவிட்டால், பதில் வந்து முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.

கடைசிப் பகுதி வெளியாவதற்கு முன் மித்ரா என்னை அழைத்தான். அந்தப் பெண்ணுக்குச் செல்வியின் பெயரையே வைக்கலாமா, கேட்டுச் சொல்லுங்கள் என்றான். கேட்டேன்.

"வேண்டாம் மேடம்" என்றார் செல்வி. "என் பேரு வைக்க வேண்டாம்னு சொல்லிருங்க. அவ தப்பிச்சுட்டாள்ல."